குதிரைமேல் நேராக உட்கார பாலே வகுப்பு: எதற்குக் காசு தரலாம், எதை ஒதுக்கலாம்

"குதிகாலை இறக்கு, தோளைப் பின்னால் வை, கண்ணை மேலே தூக்கு." சவாரி சொல்லித்தரும் எந்தக் களத்துக்குப் போனாலும் இந்த மூன்றும் காதில் விழாமல் இருக்காது. சொன்னவுடன் மாணவர் செய்துவிடுவார். குதிரை ஒரு மூலை திரும்புவதற்குள் உடம்பு பழையபடி ஆகிவிடும். அவர்மேல் தப்பில்லை. தன் இடுப்பு முன்னால் சாய்ந்திருக்கிறதா பின்னால் சாய்ந்திருக்கிறதா என்றே தெரியாதவரை, அசைந்துகொண்டே இருக்கும் ஒரு முதுகின்மேல் ஏற்றிவைத்து அதைச் சரிசெய்யச் சொன்னால் எப்படி முடியும்? முதலில் தரையில் பழகு, பிறகு சேணத்துக்கு வா என்கிறது பாலே பயிற்சி. குதிரையை நுட்பமான அசைவுகளுக்குப் பழக்கும் டிரெஸ்ஸாஜ் கலையைப் பழகுபவர்கள் இன்று இதைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள்: பெரியவர்களுக்கான தொடக்க பாலே வகுப்பாக, சவாரிக்காரர்களுக்கென்றே எடுத்த வீடியோ பாடமாக, அல்லது தனி ஆசிரியரிடம் ஒரு மணி நேரமாக. வாங்கலாம். ஆனால் கடையில் இருக்கும் எல்லாவற்றையும் கூடையில் போட வேண்டாம். பாலேயின் ஒரு பாதி சவாரிக்கு மருந்து. இன்னொரு பாதி, அப்படியே எடுத்துக்கொண்டால், உட்காரும் விதத்தையே கெடுத்துவிடும்.

இரண்டுக்கும் உறவு பழையது என்பதையும் சொல்லிவிடலாம். பாரிஸில் 1594இல் ப்ளுவினெல் தொடங்கிய சவாரிக் கழகத்தில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் குதிரையேற்றத்தோடு வாள்வீச்சும் நடனமும் சேர்த்தே கற்றார்கள். பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கு அரச கழகம் அமைத்தார்; மறு ஆண்டே துய்லெரி அரண்மனை முன்னால் பிரம்மாண்டமான குதிரை விழா நடத்தினார். ஓரிடத்தில் சுழல்வதைக் குறிக்கும் பிரூவெட் என்ற சொல் மேடையிலும் உண்டு, டிரெஸ்ஸாஜ் களத்திலும் உண்டு. வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகள் பாயும் காப்ரியோலும் நடனக்காரர் துள்ளும் காப்ரியோலும் ஒரே இத்தாலியச் சொல்லில் பிறந்தவை. ஆட்டின் துள்ளல் என்று பொருள். விளம்பரங்கள் இந்த வரலாற்றை நிறையவே பேசும். ஆனால் சொல் ஒன்று என்பதால் தசை வேலையும் ஒன்று ஆகிவிடாது.

காசுக்குத் தகும் பகுதிகளில் முதலாவது ப்ளியே, அதாவது முழங்காலை மடக்கி இறங்கி ஏறுவது. பரதநாட்டியம் பழகியவர்கள் இதை அரைமண்டியின் உறவுக்காரி என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சவாரிக்கு இதைப் பாதங்களை விரித்து வைத்துச் செய்யக் கூடாது. இரண்டு பாதமும் முன்னோக்கி, ஒன்றுக்கொன்று இணையாக, இடுப்பு அகலத்தைவிடக் கொஞ்சம் அகலமாக, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் நிற்கும் அகலத்தில் இருக்கட்டும். நான்கு எண்ணி இறங்கி, நான்கு எண்ணி ஏற வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பும் நொடிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். எட்டு முறை, இரண்டு சுற்று. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில் மடங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ட்ராட்டில், அதாவது துள்ளோட்டத்தில், குதிரையின் முதுகு தரும் அதிர்ச்சியை இந்த மூன்று மூட்டுகளும் பங்குபோட்டு வாங்குகின்றன. ஒன்று பூட்டிக்கொண்டால் அதன் பங்கு அடுத்ததன் தலையில் விழும். "குதிகாலை இறக்கு" என்று கேட்டுக் கேட்டுக் கணுக்காலை விறைப்பாக அழுத்துகிறவருக்கு அந்தப் பங்கு கீழ்முதுகுக்குப் போகிறது. குதிகால் தாழ்வது மூட்டுகள் இளகியதன் விளைவு. அதை மட்டும் தனியாகப் பிடித்து அழுத்தினால் வருவது முதுகுவலி.

கணுக்காலே மடங்காத ஆளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுவர் போதும். வெறும் காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்போதும் தொட முடிந்தால் கணுக்காலில் குறையில்லை. அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தாலோ, இரண்டு காலுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, பாலே வகுப்பில் சேர்வதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். பல பாடங்கள் இந்தச் சோதனையே இல்லாமல் நேராக ப்ளியேயில் இறங்கிவிடுவது பெரிய ஓட்டை.

ப்ளியேயை இன்னும் பயனுள்ளதாக்க வீட்டில் எடை பார்க்கும் கருவி இரண்டு வேண்டும், ஒரே மாதிரியானவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலை ஒவ்வொன்றில் வைத்து நேராக நின்று, யாரையாவது எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கீழே குனிந்து நீங்களே பார்த்தால் எடை நகர்ந்துவிடும். 60 கிலோ ஆள் 30, 30 என்று நிற்பது அபூர்வம். 33, 27 என்று வந்தால் கருவிகளை இடம் மாற்றி மறுபடி நில்லுங்கள், கோளாறு கருவியில் இருக்கலாம். பிறகு மெல்ல ப்ளியே இறங்கும்போது எண்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். நிற்கும்போது சமமாக இருந்தவர் பாதி இறங்கும்போது 35, 25 ஆகிவிடுவார். ஒரு பக்கச் சுழற்சியில் குதிரை எப்போதும் உள்ளே விழுகிறது, மறுபக்கம் வெளியே நழுவுகிறது என்று குறைபடுபவர்களில் பலருக்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஆனால் இடுப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் அங்கவடி வார்களைக் கழற்றி அளந்துவிடுங்கள். எப்போதும் இடப்பக்கம் ஏறுவதால் இடது வார் நீண்டுபோயிருக்கும். ஒரே துளையில் மாட்டினாலும் நீளம் ஒன்றாக இருக்காது. வார்களை அவ்வப்போது இடம் மாற்றுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

ரெலெவே என்பது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. சவாரிக்கு எதிரானது போலத் தோன்றும். குதிகால் கீழே இருக்க வேண்டிய விளையாட்டில் குதிகாலை ஏன் தூக்க வேண்டும்? முன்பாதத்தில் எடை எங்கே விழுகிறது என்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல வழி இல்லை என்பதால்தான். ஒருவரை மெதுவாக ரெலெவே செய்யச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கணுக்கால் வெளிப்பக்கம் சரியும், எடை சுண்டுவிரல் பக்கம் ஓடும். அதே ஆள் குதிரைமேல் அங்கவடியின் வெளி ஓரத்தை மிதிப்பார். பாதம் புரளும், முழங்கால் சேணத்தை விட்டு விலகும், பிடிப்பு போய்விட்டதே என்று கெண்டைக்கால் இறுக்கும், குதிரை அதை "ஓடு" என்று புரிந்துகொள்ளும். நாலு நாள் கழித்து அந்தக் குதிரைக்கு முரடு என்று பெயர் வந்துவிடும். பெருவிரலின் அடிமூட்டும் இரண்டாம் விரலின் அடிமூட்டும் எடையைத் தாங்க, இரண்டு எண்ணி ஏறி நான்கு எண்ணி இறங்கப் பழகினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும்.

இதில் ஒரு கண்டிப்பு. ரெலெவேயை மட்டும் தினமும் நாற்பது ஐம்பது என்று அடித்தால் கெண்டைக்கால் இறுகி, குதிகால் மேலே ஏறத் தொடங்கும். வாங்கியது ஒன்று, கிடைத்தது வேறு. படியின் விளிம்பில் நின்று, ஒவ்வொரு முறையும் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே முழுக்க இறக்கிவிட வேண்டும். பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று போதும். பழக்கமில்லாத கெண்டைக்கால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலிக்கும் என்பதால், முதல் வாரத்தைப் போட்டிக்கு முந்தைய வாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தான்டியூவைப் பலர் சலிப்பூட்டும் பாடம் என்று தாண்டிவிடுகிறார்கள். ஒரு காலில் நின்று, மறுகாலின் விரல்நுனியைத் தரையில் தேய்த்தபடி முன்னே, பக்கத்தில், பின்னே நீட்டி மறுபடி கொண்டுவருவது, பார்க்க ஒன்றுமில்லை. பின்னால் நீட்டும் தான்டியூதான் கேன்டர் உதவி, அதாவது ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குக் குதிரைக்குக் காலால் தரும் சைகை. கேன்டருக்கு வெளிக்காலை வயிற்றுவாருக்கு ஒரு கையகலம் பின்னால் கொண்டுபோகிறோம். இடுப்பு அசையாமல் தொடை மட்டும் பின்னால் போக வேண்டும். நடப்பது என்ன? கால் பின்னால் போகும்போது அந்தப் பக்கத்து இடுப்பும் கூடவே போகும், உள்பக்க விலா மடங்கும், எடை வெளிப்பக்கம் கொட்டும், குதிரை தவறான காலில் கேன்டர் எடுக்கும். கண்ணாடி முன் பெல்ட் போட்டு நின்று, ஒரு கையகலம் மட்டும் பின்னால் தான்டியூ செய்து பாருங்கள். பெல்ட் பக்கிள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது திரும்பினால் கால் போன தூரம் அதிகம். நடனக்காரருக்கு நீளம் அழகு. சவாரிக்காரருக்கு அந்த ஒரு கையகலமே எல்லை. பக்கத்துக்கு எட்டு முறை, இரண்டு வாரத்துக்கு இது ஒன்றை மட்டும் செய்தாலும் பலன் தெரியும்.

நல்ல பாலே ஆசிரியரிடம் மட்டுமே கிடைப்பதும், பெரும்பாலான வீடியோக்களில் இல்லாததும் எபோல்மான்: இடுப்பை வைத்த இடத்தில் வைத்துவிட்டு மார்பையும் தோளையும் மட்டும் முதுகெலும்பைச் சுற்றித் திருப்பும் கலை. சவாரியில் ஒரு பழைய விதி உண்டு. சவாரிக்காரரின் தோள் குதிரையின் தோளுக்கு இணையாக, இடுப்பு குதிரையின் இடுப்புக்கு இணையாக இருக்க வேண்டும். நேர்கோட்டில் இதற்கு வேலையில்லை. 20 மீட்டர் வட்டத்திலோ, குதிரை தோளை உள்ளே கொண்டுவந்து நடக்கும் ஷோல்டர்-இன்னிலோ அதன் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு திசை பார்க்கும்போது, மேலே இருப்பவரும் இடுப்புக்கு மேலே லேசாகத் திருக வேண்டியிருக்கிறது. அது தெரியாதவர் மூன்றில் ஒன்று செய்வார்: தலையை மட்டும் திருப்புவார், உள் லகானை இழுப்பார், அல்லது உள்தோளைக் கீழே போட்டுச் சாய்வார்.

தரையில் இதை இப்படிப் பழகலாம். முதுகில் சாய்மானமில்லாத முக்காலியில், பிட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகளும் சமமாக அழுந்த உட்காருங்கள். ஒரு நீளமான குச்சியைத் தோள்பட்டைகளுக்குக் குறுக்கே, மார்பின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, குச்சி முனை கடிகார முள்ளின் ஐந்து நிமிட இடைவெளி அளவுக்கு மட்டும் நகரும்படி வலப்பக்கம் திரும்புங்கள். ஒரு முனை தாழ்ந்தால் அது திருகல் இல்லை, சாய்வு. எந்த எலும்பு முக்காலியை விட்டு லேசாகிறது என்று கவனியுங்கள். இரண்டும் சமமாக இருந்தபடி திரும்ப வரும்வரை அளவைக் கூட்டக் கூடாது. ஷோல்டர்-இன் வரவில்லை என்று குதிரையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் இந்த முக்காலியில் நான்கு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

இனி ஒதுக்க வேண்டியவை. தலையாயது டர்ன்அவுட். தொடையை இடுப்புமூட்டிலிருந்து வெளிப்பக்கம் சுழற்றி, பாதங்களை எதிரெதிர்த் திசை பார்க்கவைப்பது. பாலேயின் அஸ்திவாரமே இதுதான். ஆசிரியர் சவாரி அறியாதவராக இருந்தால் வகுப்பு முழுவதையும் இதில்தான் நடத்துவார். குதிரைமேல் தொடையின் தட்டையான உள்பக்கம் சேணத்தில் படிய வேண்டும், முழங்காலும் பாதவிரலும் ஏறத்தாழ முன்னோக்கிப் பார்க்க வேண்டும். டர்ன்அவுட்டுக்கு நேர் எதிர். வெளியே திரும்பிய காலோடு சேணத்தில் உட்கார்ந்தால் முழங்கால் விலகி, கெண்டைக்காலின் பின்பக்கம் குதிரையின் விலாவில் ஒட்டிக்கொண்டே இருக்கும். குதிகாலில் ஸ்பர் என்ற முள் போட்டவராக இருந்தால் குதிரையின் பாடு திண்டாட்டம். இதைவிடப் பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. டர்ன்அவுட்டைப் பிடித்து நிறுத்தப் புதிதாகப் பழகுபவர்கள் பிட்டத்தை இறுக்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பிட்டத்தை இறுக்கிப் பாருங்கள், உடம்பு மேலே எழும்பும். சேணத்திலும் அதுவே நடக்கும். துணி காயப்போடும் கிளிப் மாதிரி குதிரைமேல் மாட்டிக்கொண்டு, எழும்பாமல் உட்கார்ந்தே போகும் சிட்டிங் ட்ராட்டில் தூக்கித் தூக்கி எறியப்படுவார்கள்.

அதற்காக டர்ன்அவுட்டே கூடாது என்று அர்த்தமில்லை. அகலமான குதிரையைச் சுற்றிக் கால்களைத் தொங்கவிட இடுப்புமூட்டு பக்கவாட்டில் திறக்க வேண்டும். தொடையின் உள்தசையை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு அது திறப்பதே இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, காலை வெளியே சுழற்றி, பிறகு மெதுவாக இணைநிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் பயிற்சி நல்லது. திரும்பி வரும் அந்தப் பாதிதான் நமக்குத் தேவை. படுத்துச் செய்யும் இந்த வகை பாலேவுக்குத் தரை பார் என்று பெயர். ரஷ்ய நடன ஆசிரியர் போரிஸ் க்னியாசெஃப் வளர்த்தெடுத்த முறை. உடல் எடை காலில் இல்லாததால் இடுப்பு ஏமாற்றுவது உடனே தெரிந்துவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் செய்யலாம். நின்று செய்யும் வகுப்பா, தரை வகுப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நாற்பதைத் தாண்டியவர்கள் தரை வகுப்பையே எடுக்கட்டும்.

அடுத்த ஆபத்து "மேலே இழு" என்ற கட்டளை. உச்சந்தலையில் நூல் கட்டி இழுப்பது போல நில் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். கேட்பவர் கழுத்தை நீட்டுவதற்குப் பதிலாக மார்பைத் தூக்குவார். கீழ்விலாக்கள் முன்னால் துருத்தும், கீழ்முதுகு குழியும், உட்காரும் எலும்புகள் பின்னால் திரும்பும். மேடையில் கம்பீரமாகத் தெரியும். சேணத்தில் அது குழிவிழுந்த முதுகு. குதிரையும் தன் முதுகைக் குழித்துப் பதில் சொல்லும். சோதிக்கக் கையே போதும்: கட்டைவிரலைக் கீழ்விலாவில், சுண்டுவிரலை இடுப்பெலும்பின் முன்முனையில் வையுங்கள். நிமிரும்போது அந்த ஒரு சாண் இடைவெளி கூடக் கூடாது. பின்கழுத்து நீளட்டும், விலா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எதிர்த்திசையில் "பிட்டத்தை உள்ளே சுருட்டு" என்று சொல்லும் பழங்கால ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் நாற்காலியில் சரிந்து உட்கார்வது போல ஆகி, கால் முன்னால் ஓடிவிடும்.

கைகளுக்கான போர் த ப்ராவில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். கை தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்குகிறது என்ற உணர்வு அருமையானது. லகான் பிடிக்கும் கை அதனால்தான் மென்மையாகும். ஆனால் பாலேயின் வட்டக் கையில் முழங்கை வெளியே தூக்கியிருக்கும். அப்படியே களத்துக்குக் கொண்டுவந்தால் இறக்கை விரித்த கோழிதான். கடிவாளத்திலிருந்து முழங்கை வரை ஒரே நேர்கோடு என்ற விதி உடைந்துபோகும். சுழலும்போது தலையை வெட்டித் திருப்பும் ஸ்பாட்டிங் தேவையே இல்லை. கிராண்ட் ப்ளியேயும் வேண்டாம். அவ்வளவு ஆழ மடக்கல் சேணத்தில் எங்கும் வருவதில்லை.

சாமான்களைப் பற்றி. பயிற்சியில் பிடித்துக்கொள்ள வீட்டில் நிறுத்தும் பாலே கம்பியை வாங்க வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு இருக்கும் சமையல் மேடையோ, கனமான நாற்காலியின் முதுகோ போதும். கம்பி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள், அது சுவாரசியம். சமநிலை தடுமாறும்போது கம்பியை இறுக்கிப் பிடிப்பவர் குதிரைமேல் தடுமாறும்போது லகானை இறுக்குவார். இரண்டு விரல்நுனியை மட்டும் மேலே வைத்துச் செய்யுங்கள்; விரல் வெளுத்தால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் மீள்பட்டையில் சிவப்பு நிறம், ஒன்றரை மீட்டர், பாதப் பயிற்சிக்குப் போதுமானது. இன்னும் இறுக்கமான பச்சை, நீலம் எல்லாம் பிறகு. டைல் தரையில் சாக்ஸ் வழுக்கும், ஷூவோ பாதத்தை மறைக்கும்; வெறும் காலே நல்லது. காற்று நிரப்பிய சமநிலைத் தட்டு ரொம்பப் பேசப்படுகிறது. எடைக்கருவிச் சோதனையில் இரண்டு பக்கமும் சமமாக நிற்க முடியாதவர் அதில் ஏறினால், கோணலாகச் சமாளிப்பதில்தான் தேர்ச்சி பெறுவார்.

தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி மட்டும் கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். வழக்கமான வேகத்தில் போகும் வொர்க்கிங் ட்ராட்டில் நிமிடத்துக்கு 150 தட்டு என்பது நடுத்தரக் குதிரைக்கு ஏறத்தாழப் பொருந்தும். ஒரு தட்டுக்கு இறங்கி, மறு தட்டுக்கு ஏறும் சிறு ப்ளியே செய்தால் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் ரைசிங் ட்ராட்டின் அளவு கிடைக்கிறது. இரண்டு நிமிடம் தாங்காமல் மூச்சு வாங்கினால், களத்தில் தோரணை கலைவதற்குக் காரணம் தோரணை இல்லை, தெம்பு. உங்கள் குதிரையின் நடையை ஒரு நிமிடம் எண்ணி அதற்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று வடிவில் எது? பெரியவர்களுக்கான பொது பாலே வகுப்பு மலிவு, இசை உண்டு, ஆசிரியரின் கண் உண்டு. சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பிப் பயிற்சிகளை இணைப்பாதத்தில் செய்ய அனுமதிப்பீர்களா?" அனுமதித்தால் சேரலாம். முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம். வீடியோ பாடத்தின் பலவீனம் வெளிப்படை: நீங்கள் செய்வதை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடியும் இல்லையென்றால் இருக்கும் கோணலையே நன்றாகப் பழகிக்கொள்வீர்கள். தொலைபேசியைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வைத்துப் படமெடுத்து வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். தனி ஆசிரியர்தான் விலை அதிகம். ஆனால் அவர் ஒருமுறையாவது களத்துக்கு வந்து, நீங்கள் நடையிலும் ட்ராட்டிலும் உட்காருவதைப் பார்ப்பவராக இருந்தால், இரண்டு பாடம் எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் செய்வது மற்ற இரண்டையும்விட லாபம். பிலாட்டீஸ் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நடுவுடல் பலத்துக்கு அது போதும். ஆனால் அதன் பெரும்பகுதி படுத்தோ உட்கார்ந்தோ செய்வது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாளத்தில் மாற்றும் பழக்கம் பாலேயில்தான் வரும்.

வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். சவாரிக்கு முன் ஆறேழு நிமிடச் சிறு ப்ளியேயும் தான்டியூவும் மட்டும். நீண்ட இழுப்புப் பயிற்சிகளைச் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து தலையில் அடிபட்டவர்கள், மருத்துவர் சொல்லும்வரை சமநிலைப் பயிற்சி எதையும் தொட வேண்டாம். இடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் குத்தும் வலி இருப்பவர்கள் ஒற்றைக்கால் பயிற்சிகளைத் தள்ளிவைத்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு வரட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் எடைக்கருவியில் இரண்டு பக்க வித்தியாசம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் சேணத்தைப் பொருத்துபவரைக் கூப்பிடுங்கள். ஒரு பக்கம் அமுங்கிப்போன சேணத்தை எந்த ப்ளியேயும் நிமிர்த்தாது.